முதலில் எடுக்க வேண்டியவை

வெள்ளம் வந்தால் புத்தகங்களைக் காப்பாற்ற வேண்டுமென்று எங்கள் நூலகத்தில் நான் ஒரு பெட்டி தயார் செய்து வைத்தபோது ஊரே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? சேந்தமங்கலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் கிடக்கிற சமவெளி இது. ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டும் வெறும் புகை பறந்த காடுகள்தான் சுற்றிலும். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தரும் ரிக் வண்டிக்காரர்களின் வீட்டு வாசலிலேயே தண்ணீர் லாரி நிற்கும். "ஏனுங்க மேடம், குடிக்கத் தண்ணியக் காணோம், நீங்க வெள்ளத்துக்குப் பொட்டி கட்டறீங்களாக்கும்?" என்றார் எதிர்ப்புறம் லாரி பாடி கட்டும் பட்டறையின் மேஸ்திரி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். "வரும்போது உங்க பட்டறையும் சேர்ந்துதான் முழுகும், அப்பச் சிரிங்க" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். நூலகர் வேலைக்கு வந்து இருபது வருடமாகியும் அது மாறவில்லை.

அந்தப் பெட்டி எண்ணம் சென்னையில் நடந்த மூன்று நாள் பயிற்சியில் பிடித்துக்கொண்டது. பாடம் நடத்திய அம்மா முதல் நாள் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய வார இதழைக் கொடுத்து வாளித் தண்ணீரில் முக்கச் சொன்னார். மறுநாள் அதைப் பிரிக்கச் சொன்னார். பளபளப்புத் தாள் மொத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி கிடந்தது. நனைந்த புத்தகத்தை விரிக்காதே, துடைக்காதே, வெயிலில் போடாதே, உடனே காய வைக்க முடியாவிட்டால் குளிர்பதனக் கிடங்கில் உறைய வைத்துவிடு, பிறகு நிதானமாகக் காய வைக்கலாம் என்றார். ஈரத்திலும் அழியாததால் குறிப்பெழுதப் பென்சில்தான் வேண்டும் என்றார். நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் சாமான்கள் கேட்டு மேலே எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பரிசீலனை முடிகிற வரைக்கும் மழை காத்திருக்குமா? ஊருக்குள் இறங்கிக் கேட்டேன். தக்காளி மண்டியில் ஆறு பிளாஸ்டிக் கிரேட் கொடுத்தார்கள். கோழிப்பண்ணைகளில் சாரலுக்குத் தொங்கவிடும் படுதா ஒரு சுருள் வந்தது. கோழிக்குத் தடுப்பூசி போடும் ஆட்களிடம் கையுறை வாங்கினேன். மை உறிஞ்சும் தாள் இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அச்சாபீஸில் மிஞ்சிய வெள்ளைத் தாளைக் கட்டுக் கட்டாக வாங்கிச் சேர்த்தேன். நாமக்கல்லில் முட்டை வியாபாரி ஒருவர் தன் குளிர் அறையில் இடம் தருவதாகச் சொன்னார். முட்டை அடுக்குகிற இடத்தில் புத்தகமா என்று அவரும் சிரித்தார், ஆனால் மனசோடு சொன்னார். பஞ்சு, பருத்தி நாடா, டார்ச் லைட், லாரிக் கயிறு, ஒரு டஜன் பென்சில். கிரேட் போக மற்ற எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு அலமாரி மேலே ஏற்றினேன். பெட்டியைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பெட்டியோடு ஒரு பட்டியலும் ஒட்ட வேண்டும். அதற்கு 'முதலில் எடுக்க வேண்டியவை' என்று தலைப்பு. ஆபத்து வரும்போது நூலகர் பக்கத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது, யார் வந்தாலும் பட்டியலைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் இருப்பது சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. தினமும் பஸ். அதனால் ஒரு சாவியை மேஸ்திரியிடம் கொடுத்தேன். எத்தனை கேலி பேசினாலும் சொன்ன சொல் தவறாத மனிதர்.

பட்டியலில் முதல் வரியாக நூல் பதிவேடுகளை எழுதினேன். நூலகத்தில் என்னென்ன புத்தகம் உண்டு என்பதற்கு அதுதான் சாட்சி. அடுத்து அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், மறு அச்சு இல்லாத பழைய கட்டுத் தொகுதிகள். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பதையும் எழுதினேன். கடைசியில் பேனா கொஞ்சம் நின்றது. என் மேசைக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் ஒன்பது நோட்டுகள் இருந்தன. அவை நூலகத்துப் பதிவில் இல்லை. பதிவில் இல்லாத பொருளைப் பட்டியலில் போட்டால், இது என்ன என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும் என்று எழுதியிருக்கலாம். ஊரெல்லாம் வாயடிக்கிற எனக்கு அந்த ஒரு வரியை எழுதத் தைரியம் வரவில்லை. பட்டியலை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த ஒன்பது நோட்டும் போட்டித் தேர்வுக்குப் படித்த ஒரு பையனுடையவை. இருபத்தாறு வயது. நான்கு வருடம் எங்கள் வாசிப்பறையின் ஜன்னலோர நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் கதவு சாத்தும்போதுதான் எழுந்திருப்பான். டெங்குக் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் போய்விட்டான். அவன் அம்மா ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஃபேக்டரியில், மரவள்ளிக் கிழங்கு மாவைக் களத்தில் பரப்பிக் காய வைக்கும் வேலை செய்கிறவர். அப்பா முன்பே இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நோட்டுகளைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கூடு மண் செவுருங்க மேடம். வெச்சா கரையான் தின்னுப்புடும். இங்கயே இருக்கட்டுங்க, பத்தரமா இருக்கும். படிக்கற புள்ளைங்க யாராச்சும் பாத்தாலும் பாக்கட்டும்" என்றார்.

வாங்கி வைத்தேன். நல்ல கையெழுத்து அவனுக்கு. நீல ஜெல் பேனாவில் வரி கோணாமல் எழுதியிருந்தான். மற்ற பிள்ளைகள் கேட்டால் மேசையில் வைத்துப் பார்க்கக் கொடுப்பேன். நோட்டு பிய்ந்துபோகும் என்று ஜெராக்ஸுக்கு விடவில்லை. செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்று அட்டை எழுதி ஒட்டியவளும் நான்தான்.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மழை தூறினால் களத்தில் வேலை இருக்காது. அன்றைக்கு நூலகத்துக்கு வந்துவிடுவார். ஒரு நோட்டை எடுத்துக் கொடுப்பேன். பாடமெல்லாம் அவருக்கு வேண்டாம். அவன் ஓரத்தில் கிறுக்கி வைத்திருந்ததைத்தான் படித்துக் காட்டச் சொல்வார். ஓரமெல்லாம் அவன் தனக்குத் தானே பேசி வைத்திருந்தான். 'அம்மாவுக்குக் கண் டாக்டர், புதன்.' 'இது மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. டீ.' 'அம்மா இன்றைக்கும் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.' முதல் தடவை இதைப் படித்தபோது அந்த அம்மா சிரித்தார். "கண்டுபுடிச்சுட்டானாக்கும் திருட்டுப்பய" என்றார். ஒரு வருகைக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. "மிச்சத்த வெச்சிருங்க மேடம், இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று போய்விடுவார். ஒன்பது நோட்டில் ஒன்றரை நோட்டுதான் படித்திருந்தோம். பெற்ற மகனின் பேச்சு தீர்ந்துபோகக் கூடாதென்று அவர் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் கொல்லிமலையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற ஓடை குப்பையும் முள்ளுமாக அடைத்துக் கிடந்ததால் ஊருக்குள் திரும்பியது. விடிந்ததும் மேஸ்திரி போன் செய்தார்.

"மேடம், ஓடைத் தண்ணி ரோட்டுக்கு வந்துருச்சுங்க. இன்னும் லைப்ரரிக்குள்ள நொழையல. சாவி எங்கிட்ட இருக்குது, லிஸ்ட்டு செவுத்துல இருக்குது. பசங்களக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பதறாம வாங்க."

நான் பதறினேன். பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது, "பதிவேட்டை முதல்ல எடுங்க மேஸ்திரி, பதிவேடு போனா என் வேலை போயிரும்" என்பதுதான். சரிங்க என்று வைத்துவிட்டார். நோட்டுகளின் நினைப்பு எனக்குப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கும்போதுதான் வந்தது. உடனே கூப்பிட்டேன். போகவில்லை. ராசிபுரம் போகிற வரைக்கும் விடாமல் கூப்பிட்டேன். டவர் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, ஊட்டுல யாருக்காச்சும் முடியலீங்களா என்று கேட்டாள். நான் மறுபடி மேஸ்திரி நம்பரை அழுத்தினேன்.

தரைப்பாலத்தில் தண்ணீர் போனதால் பஸ் பாதியில் நின்றது. நடந்து ஊர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. நூலகத்துக்குள் முழங்கால் அளவு ஏறி நின்ற தண்ணீர் அதற்குள் வடிந்திருந்தது. சுவரில் அதன் கோடு தெரிந்தது. எல்லா அலமாரியிலும் கீழ் இரண்டு தட்டுகள் போயிருந்தன. சேறு, செருப்பு, செத்த கோழி ஒன்று. மேஸ்திரி முகமெல்லாம் பெருமையாக எதிரே வந்தார்.

"லிஸ்ட்ல இருந்ததுல ஒண்ணு உடலைங்க மேடம். தண்ணி உள்ள வரதுக்கு முன்னாடியே அம்புட்டும் கிரேட்ல போட்டு, பட்டறையில நிக்கற புது லாரி மேல ஏத்தியாச்சுங்க. ஒரு சொட்டு நனையல." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அஞ்சு கிரேட்டுதான் ஆச்சு. ஒண்ணு மிச்சமுங்க. வேற எதையாச்சும் எடுக்கலாம்னு நேரமும் இருந்துச்சு. எதுன்னு தெரியல. லிஸ்ட்டு முடிஞ்சுதேன்னு வந்துட்டோம்."

ரொம்ப நன்றிங்க மேஸ்திரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த மனிதர் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார். காலி கிரேட் மேசை மேல் ஈரம் படாமல் இருந்தது. கண்ணாடி அலமாரியின் கதவைத் திறந்தேன். ஒன்பது நோட்டும் ஊறி உப்பி, தட்டுக்குள் இறுகிப் போயிருந்தன. விரல் விட்டு ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். விளிம்பிலிருந்து நீலமாகத் தண்ணீர் சொட்டியது. அப்போதும் முழுக்கக் கைவிட்டுப் போய்விடவில்லை. படுதாவில் ஒவ்வொன்றாகச் சுற்றி, அந்தக் கிரேட்டில் நிறுத்தி, எப்படியாவது ஒரு வண்டி பிடித்து முட்டைக் குளிர் அறைக்குக் கொண்டு போய்விட்டால், உள்ளே எத்தனை எழுத்து பிழைத்திருக்கிறதோ அத்தனை மிஞ்சும். பெட்டியை இறக்கிக் கையுறையைப் போட்டேன்.

அப்போது அந்த அம்மா வந்து நின்றார். மழைக்குக் களத்தில் வேலையில்லை. வழக்கம்போல வந்திருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை, நோட்டுகளைத்தான் பார்த்தார். கிட்டே வந்து ஒன்பதையும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, விரிக்காதீங்க. இப்பவே ஐஸ் ரூமுக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

"ஐஸ்லயாங்க? நனைஞ்சத யாராச்சும் ஐஸ்ல வெப்பாங்களா?"

"அதுதான் முறைங்க. கெடாம இருக்கும். அப்புறம் எடுத்து மெதுவாக் காய வெக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க மேடம். அவன ஒருக்கா ஐஸ் பொட்டில வெச்சுப் பாத்துட்டனுங்க. ஒரு ராத்திரி முச்சூடும் அந்தக் கண்ணாடியத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். போதுமுங்க."

இதற்கு எந்தப் பயிற்சியில் பதில் சொல்லித் தந்தார்கள்?

"நான் காய வெச்சுத் தாரனுங்க. ரெண்டு வெயில் போதும். எங்கைக்குத் தெரியாத காச்சலுங்களா?" என்றார். இருபது வருடம் களத்தில் நின்ற கை அது. ஈர மாவை எத்தனை கனத்தில் பரப்ப வேண்டும், எப்போது கிளற வேண்டும், பனி இறங்குவதற்குள் எப்போது அள்ள வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். வெயிலில் போடாதே என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சரிங்க என்றேன். துண்டில் கட்டிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் கொண்டு வந்தார். எப்படிக் காய வைத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாளியிடம் சொல்லிக் களத்தில் ஒரு மூலையை வாங்கி, சிமெண்டுத் தரை நன்றாகச் சுட்ட பிறகு நோட்டுகளை விரித்து வைத்தாராம். அரை மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டாராம். பொழுதோடு அள்ளி, தாள் சுருண்டு போகாமல் நேராக நிற்கட்டும் என்று அடுக்கி மேலே கல் ஏற்றினாராம். மறுநாள் மறுபடி வெயில், மறுபடி கல். சேகோக் களத்தில் எத்தனை கூட்டினாலும் தரையில் மாவு இருக்கும். ஈரத்தாளில் அந்த மாவு ஏறி, சூட்டில் பசையாகி, கல்லின் அழுத்தத்தில் இறுகிவிட்டது. பைண்டிங் கடைக்காரன் வேண்டுமென்றே ஒட்டினாலும் அத்தனை பலமாக ஒட்டியிருக்க மாட்டான். ஒன்பது நோட்டும் ஒன்பது பலகையாக இருந்தன.

பிளேடை நுழைத்து ஓரத்தில் பிரித்துப் பார்த்தேன். மேல் தாள் பாதியாகக் கிழிந்து வந்தது. உள்ளே நீலம் பரவியிருந்தது. அங்கங்கே ஒரு சுழி, ஒரு கொக்கி. எழுத்தென்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது நோட்டும் அப்படித்தான். மூன்றாவதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"எழுத்து இருக்குதுங்களா மேடம்?"

"பிரிக்க வரலைங்கம்மா."

அவர் நோட்டையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "வெயிலு சாஸ்தியாப் போயிருச்சுங்களா?"

"ஆமாங்க. நிழல்ல காய வெச்சிருக்கணும்" என்றேன். பொய் இல்லை. வெயிலும் சேர்ந்துதான் கெடுத்தது. ஆனால் நனையாத நோட்டை யாரும் வெயிலில் போடப் போவதில்லை. நனையாமல் இருந்திருக்கலாம் என்பதும், ஒரு கிரேட் காலியாக நின்றது என்பதும் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தால் மொத்தப் பழியையும் அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு நான் நகர்ந்துகொண்டேன். அவர் எழுந்து போனார். நோட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவேடுகள் ஒரு பக்கம்கூடச் சேதமில்லாமல் தப்பியதற்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மற்ற கிளைகளிலும் இதேபோலப் பெட்டியும் பட்டியலும் வைக்க வேண்டுமென்று கூட்டத்தில் என்னை நிற்க வைத்துப் பேசச் சொன்னார்கள். பேசினேன், கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் போட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் தூறியது. அந்த அம்மா வரவில்லை. வராமல் இருந்ததில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் காலையில் சாரல் அடித்தது. பத்து மணி, பதினொரு மணி என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எரிச்சல் வந்தது. மத்தியானம் மழை விட்டதும் நூலகத்தைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்து சேகோ ஃபேக்டரிக்குப் போனேன்.

வெயில் வந்துவிட்டதால் களத்தில் மாவு பரப்பியிருந்தார்கள். அந்த அம்மா கையில் பலகை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகத்தில் பயம்.

"கேசு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா மேடம்? லைப்ரரிக்குன்னு குடுத்த பொருள நானே கெடுத்துப்புட்டனுங்களே. யாராச்சும் கேட்டாங்களா?"

எட்டு மாதமாக அவர் வராததற்கு இதுவா காரணம்? "யாரும் கேக்கலைங்க" என்றேன். பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல் என்றால் என்ன, அதில் நான் எதை எழுதினேன், எதை எழுதாமல் விட்டேன், ஏன் விட்டேன், வெள்ளத்தன்று காலையில் மேஸ்திரி போன் செய்தபோது நான் என்ன சொன்னேன் எல்லாவற்றையும்.

"பேரு எழுதியிருந்தா எடுத்திருப்பாங்களாங்க?"

"எடுத்திருப்பாங்க. நேரம் இருந்துச்சு. ஒரு கிரேட்டும் காலியா இருந்துச்சு."

"நனைஞ்சே இருக்காதுங்களா?"

"நனைஞ்சிருக்காதுங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் திட்டவில்லை. அப்படியே சூடான களத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சூபர்வைசர் தூரத்திலிருந்து சத்தம் போட்டார். அந்த அம்மாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப நான் காய வெச்சதுனால மட்டும் இல்லீங்க" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தன மாசமா எங்கையப் பாத்தாவே ஆகறதில்லைங்க மேடம். சோறு பெசஞ்சு தின்னக்கூடக் கூசுச்சுங்க."